கட்டத்துக்குள் அடங்காத பெயர்
ஜெர்மனியின் அலெவி மாணவர் கூட்டமைப்பை முன்வைத்து

(மாணவர் படிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் பேச்சாளன் இல்லை. கவிதை எழுதுகிறவன், வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் எழுத்தர். காலையில் பத்து மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் என் கண் முன்னாடி கட்டங்கள்தான். பெயர் ஒரு கட்டம், தகப்பனார் பெயர் ஒரு கட்டம், மதம் ஒரு கட்டம், வகுப்பு ஒரு கட்டம். படிவத்தை நீட்டுகிறவர் சில கட்டங்களில் பேனாவை நிறுத்தி, பக்கத்தில் நிற்பவர் பார்க்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அந்தத் திரும்பிப் பார்த்தலை நான் தினமும் பார்க்கிறேன். எனக்கும் அது பழக்கம்தான். உங்களில் பலருக்கும் பழக்கம்.

இன்றைக்கு நான் பேசப்போவது இப்படித் திரும்பிப் பார்த்தே பல நூற்றாண்டுகளைக் கழித்த ஒரு மக்களைப் பற்றி. அவர்களுடைய பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் கட்டிய ஓர் அமைப்பைப் பற்றி. 'துருக்கிக்காரன் கதை நமக்கு எதுக்கு?' என்று கேட்பீர்கள். பேசி முடிக்கிறதுக்குள் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அலெவிகள் என்பவர்கள் அனத்தோலிய மண்ணின் மக்கள். அவர்களில் துருக்கி மொழி பேசுகிறவர்கள் உண்டு, குர்தி பேசுகிறவர்கள் உண்டு, ஸாஸாக்கி பேசுகிறவர்களும் உண்டு. அலியையும் பன்னிரண்டு இமாம்களையும் போற்றுகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் ஹாஜி பெக்தாஷை வழிகாட்டியாகக் கொள்கிறார்கள். ஆனால் பெரும்பாலோர் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுவதில்லை, ரமலான் நோன்பு பிடிப்பதில்லை. நோன்பு அவர்களுக்கு முஹர்ரத்தில். ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் கூடி உட்கார்ந்து, ஸாஸ் என்கிற நரம்பிசைக் கருவியை மீட்டிப் பாடி, செமா என்கிற சுழல் நடனம் ஆடி வழிபடுகிறார்கள். அந்த வழிபாட்டுக்கு 'ஜெம்' என்று பெயர். அது நடக்கும் இடம் ஜெம் வீடு. துருக்கியின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களுக்கெனத் தனி இடமில்லை. மொத்த மக்களில் பத்து சதவீதத்திலிருந்து இருபதுக்கு மேல் வரை என்று ஆளுக்கொரு மதிப்பீடு சொல்கிறார்கள்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து கும்பிடுகிறார்கள் என்பது போதும், அவதூறு பிறந்துவிட. ஜெம் கூடத்தில் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு முறைதவறிக் கூடுகிறார்கள் என்ற பேச்சு ஒட்டோமான் காலத்திலிருந்து இவர்கள்மேல் சுமத்தப்பட்டு வருகிறது. இன்னொன்று: அலெவி அறுத்த இறைச்சியைத் தின்னக்கூடாது, அலெவி கையால் சமைத்ததைச் சாப்பிடக்கூடாது. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. உணவும் பெண்ணும். எந்த ஊரிலும் தீட்டு என்கிற சொல்லாடல் இந்த இரண்டு வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

அதற்காக அலெவிகள்தான் துருக்கியின் தலித்துகள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். அவர்களில் நிலம் உள்ளவர்கள் உண்டு, அதிகாரிகள் உண்டு, ஒரு பெரிய கட்சியின் தலைவராகவே வந்தவர் உண்டு. சாதி என்பது வேறு இயந்திரம். ஆனால் ஒளித்துக்கொள்ள வைக்கிற அந்த அச்சம் மட்டும் நமக்குத் தெரிந்த அச்சம்.

அந்தக் கட்சித் தலைவர் கெமால் கிலிச்தாரோலு. தெர்சிம் பகுதியில் பிறந்தவர். 1937-38இல் ராணுவம் ஆயிரக்கணக்கான அலெவிகளைக் கொன்று தீர்த்த பகுதி அது. 2010இலிருந்து 2023 வரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். அவர் அலெவி என்பது துருக்கி முழுக்கத் தெரிந்த ரகசியம். ஆனால் அதையே பேச்சாக எடுத்துக்கொண்டு, கேமரா முன்னால் உட்கார்ந்து, இளைஞர்களைப் பார்த்துத் தான் ஓர் அலெவி என்று அவர் சொன்னது 2023 ஏப்ரலில், குடியரசுத் தலைவர் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு. அப்போது அவருக்கு 74 வயது. கோடிக்கணக்கான முறை அந்தப் படம் பார்க்கப்பட்டது. மே மாதம் இரண்டாம் சுற்றில் அவர் தோற்றுப்போனார்; அதற்குக் காரணம் பல. நான் கவனிக்கச் சொல்வது அந்த வயதை. ஒரு சொல்லைச் சொல்ல 74 வருஷம். அதை மற்ற பெரியவர்களைப் பார்த்து அவர் சொல்லவில்லை, பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். ஏன்னா பிள்ளைகள் அதை முன்னாடியே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இப்போது கட்டத்துக்கு வருகிறேன். சினான் இஷிக் என்று ஒருவர். துருக்கி அடையாள அட்டையில் மதம் என்ற கட்டத்தில் அவருக்கு 'இஸ்லாம்' என்று போட்டிருந்தது. 'அலெவி' என்று மாற்றிக் கொடுங்கள் என்று 2004இல் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் யாரைக் கேட்டது தெரியுமா? அரசின் மத விவகார இயக்குநரகத்தை. அவர்கள், அலெவி என்பது இஸ்லாத்துக்குள் ஒரு விளக்கம்தான், தனி மதமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மனு தள்ளுபடி. ஒருவன் யார் என்பதை அவனைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டுத் தீர்மானிக்கிறது அரசு. 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதில் தீர்ப்புச் சொன்னது. கட்டத்தில் என்ன எழுதுவது என்பதல்ல பிரச்சினை, அப்படி ஒரு கட்டம் இருப்பதே பிரச்சினை என்பது அதன் சாரம். இருபது வருஷம் படிவம் வாங்கினாலும் என்னைப் போன்ற எழுத்தனுக்கு எட்டாத ஞானம் அது.

அதே நீதிமன்றம் 2007இல் இன்னொரு வழக்கில், துருக்கிப் பள்ளிகளின் கட்டாய மதப் பாடம் அலெவிக் குடும்பங்களின் நம்பிக்கையை மதிக்கவில்லை என்றது. அந்தப் பாடத்தைக் கட்டாயமாக்கியது 1982இன் அரசியல் சட்டம். ராணுவ ஆட்சிக்குப் பிறந்த பிள்ளை. 2014இல் மூன்றாவது வழக்கு, மின்சாரக் கட்டணம் பற்றியது. பள்ளிவாசலின் மின்கட்டணத்தை அரசு ஏற்கிறது, ஜெம் வீட்டுக்கு ஏன் இல்லை? ஏன்னா அது வழிபாட்டிடம் என்று அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அதிலும் நீதிமன்றம் பாகுபாடு என்றே சொன்னது. 2022இல் துருக்கி அரசு ஜெம் வீடுகளுக்கென ஒரு தலைமையகம் அமைத்தது. எந்த அமைச்சகத்தின் கீழ்? பண்பாடு மற்றும் சுற்றுலா. கும்பிடுகிற இடம் காட்சிப்பொருளாகிவிட்டது என்று பல அலெவி அமைப்புகள் எதிர்த்தன.

இப்போது ஜெர்மனி. 1961இல் ஜெர்மனியும் துருக்கியும் ஆள் எடுப்பு ஒப்பந்தம் போட்டன. ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போன தொழிலாளர்களில் அலெவிகளும் இருந்தார்கள். ஜெர்மானியனுக்கு எல்லாரும் துருக்கிக்காரன். பக்கத்துக் கட்டில்காரனுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்; ஆகவே அவனிடமிருந்துதான் ஒளிக்க வேண்டும். ரமலானில் விடியுமுன் எழுந்து சமையலறை விளக்கைப் போட்டு வைப்பது, நோன்பு பிடிக்கிற வீடு மாதிரித் தெரியட்டும் என்று. ஊரில் செய்தது அயல்நாட்டிலும் தொடர்ந்தது.

பிறகு சாவுகள். 1978 டிசம்பர், மராஷ். அலெவி வீடுகளில் முன்கூட்டியே அடையாளக் குறி போட்டு வைத்துத் தாக்கினார்கள். அரசுக் கணக்கிலேயே நூறு பேருக்கு மேல் செத்தார்கள். 1980இல் சோரும். 1989 அக்டோபரில் ஹம்பர்கில் அலெவி பண்பாட்டு வாரம் நடந்தது. அலெவி என்ற சொல்லைச் சுவரொட்டியில் அச்சடித்து வெளிப்படையாக ஒட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த அவ்வளவு பெரிது.

1993 ஜூலை 2, சிவாஸ் நகரம். 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பீர் சுல்தான் அப்தால் பெயரில் விழா. வந்தவர்கள் மதிமாக் ஓட்டலில் தங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு திரண்ட கும்பல் மணிக்கணக்கில் ஓட்டலை முற்றுகையிட்டு, கடைசியில் தீ வைத்தது. காவல்துறையும் ராணுவமும் இருந்தும் இல்லாத மாதிரி. விழாவுக்கு வந்தவர்களில் 33 பேர், ஓட்டல் ஊழியர் 2 பேர். கவிஞர்கள் மெதின் அல்தியோக், பெஹ்செத் அய்சான். விமர்சகர் அசிம் பெசிர்ஜி. ஸாஸ் கலைஞன் ஹஸ்ரெத் குல்தெகின், வயது 22. செமா ஆட வந்த சின்னப் பிள்ளைகள். கவிதைக்கும் பாட்டுக்கும் கூடினவர்கள் புகையில் மூச்சடைத்துச் செத்தார்கள். நானும் கவிதை வாசிக்க ஊர் ஊராகப் போய் லாட்ஜில் தங்குகிறவன். இதைப் படித்த பிறகு எந்த லாட்ஜிலும் முதலில் மாடிப்படி எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். 2011இல் அந்தக் கட்டடத்தை அரசு அறிவியல் பண்பாட்டு மையமாக்கியது. அங்கே வைத்த பெயர்ப்பலகையில் தாக்க வந்து செத்த இரண்டு பேரின் பெயரையும் சேர்த்துப் போட்டது. 2012இல் தலைமறைவாக இருந்தவர்கள் மேலான வழக்கு காலாவதி என்று கைவிடப்பட்டது.

சிவாஸுக்குப் பிறகு ஜெர்மனியின் அலெவிச் சங்கங்களில் ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஒளித்தாலும் கொல்கிறார்கள், அப்புறம் எதற்கு ஒளிப்பது என்பதுதான் கணக்கு. 1994இல் இளைஞர் ஒன்றியம் உருவானது. 2002இல் பெர்லின் பள்ளிகளில் அலெவிப் பாடம் வந்தது. தொடர்ந்து வேறு மாநிலங்களிலும். 2012இல் ஹம்பர்க் மாநிலம் அலெவிச் சமூகத்துடன் ஒப்பந்தமே போட்டது. சொந்த நாட்டில் கட்டத்தில்கூட இடம் இல்லாதவர்களுக்கு, கூலிக்கு வந்த நாட்டில் பாடநூலில் இடம்.

இதற்கு நடுவில் 2007 டிசம்பரில் ஒன்று நடந்தது. ஜெர்மன் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற துப்பறியும் தொடரில் ஓர் அலெவிக் குடும்பம். கதையின் முடிச்சு தகப்பன் மகளைக் கெடுத்தது. எழுதியவர்களுக்கு அந்தப் பழைய மெழுகுவர்த்திக் கதை தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். தெரியாமலே அவதூறு கடல் தாண்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள், அதுதான் அவதூறின் பலம். கொலோன் நகரத் தெருவில் பல ஆயிரம் பேர் கூடினார்கள். அந்த வருஷம் பள்ளி மேசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் பிறகு பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள்.

அங்கே என்ன நிலைமை? ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் மாணவர் சபைகள் வெகுகாலமாக இருக்கின்றன. முஸ்லிம் மாணவர் குழுக்களின் கூட்டமைப்பு 2007இல் வந்தது, யூத மாணவர் ஒன்றியம் 2016இல். அலெவி மாணவி இதில் எங்கே போய் நிற்பாள்? ஜெர்மானியத் தோழி அவளை முஸ்லிம் என்று எண்ணி, நீ ஏன் நோன்பு இல்லை என்பாள். சுன்னித் தோழி, நீ என்ன முஸ்லிம் என்பாள். இரண்டு பேருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். அதனால் முதலில் ஊர் ஊராக, பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகச் சிறு குழுக்கள். பிறகு அவை சேர்ந்து 'ஜெர்மனி அலெவி மாணவர் ஒன்றியம்' என்ற தேசியக் கூட்டமைப்பு.

தோழர்களே, இங்கேதான் என் பேச்சின் மையம். பெரியவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, இளைஞர்களுக்கு ஒன்றியம் இருக்கிறது, அப்புறம் மாணவர்களுக்கு எதற்குத் தனிக் கூட்டமைப்பு? நான் மூன்று காரணம் பார்க்கிறேன்.

முதலாவது மறதி. இளங்கலை மூன்று வருஷம், முதுகலை இரண்டு. குழுவை ஆரம்பித்தவர்கள் பட்டம் வாங்கிப் போனதும் குழு செத்துப்போகும். மாணவர் அமைப்பின் முதல் எதிரி நிர்வாகம் இல்லை, பட்டமளிப்பு விழா. கல்லூரியில் நாங்கள் ஆறு பேர் ஒரு குழு வைத்திருந்தோம். உதவித்தொகை வராமல் கிடந்தபோது எந்த அலுவலகம், எந்தப் படிவம், யாருக்கு மனு என்று அலைந்து அலைந்து ஒரு லாங் சைஸ் நோட்டில் எல்லாம் எழுதி வைத்தோம். வாங்கியும் கொடுத்தோம். நான் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு தம்பி போன் பண்ணான்: 'அண்ணே, எங்களுக்கும் உதவித்தொகை நின்னு போச்சு, நீங்க எப்படிப் பண்ணீங்க?' நோட்டு யாரிடம் இருக்கிறது என்று ஆறு பேருக்கும் தெரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து. அந்தத் தம்பி ஒரு வருஷம் இழந்தான். கூட்டமைப்பு என்று நான் சொல்வது அந்த நோட்டைத்தான். ஒரு ஊரில் குழு செத்தாலும் இன்னொரு ஊரில் நினைவு உயிரோடு இருக்கணும்.

இரண்டாவது, வாரிசுரிமை. அலெவி மரபைப் புகழ்ந்தே பேசிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. ஜெம்மை நடத்துகிறவர் 'தெதெ'. அவர் 'ஒஜாக்' என்ற புனித வம்சத்தில் பிறந்திருக்க வேண்டும். சமத்துவம் பேசுகிற மரபுக்குள்ளேயும் பிறப்பு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. மாணவர் அமைப்பில் தலைமை தேர்தலால் வருகிறது. எந்த வம்சத்துப் பெண்ணும் தலைவராகலாம். ஓட்டு விழுந்தால் போதும். வழிபாட்டை நடத்த வம்சம் வேண்டும், ஆனால் அமைப்பை நடத்த வம்சம் வேண்டாம் என்ற இந்த இரட்டை நிலை ரொம்ப நாளைக்குத் தாங்காது. இரண்டில் ஒன்று மற்றொன்றை மாற்றும். எது எதை மாற்றும் என்பதுதான் அந்தப் பிள்ளைகளின் கையில் இருக்கிற காரியம்.

மூன்றாவது, வரையறை. அலெவியம் இஸ்லாத்துக்குள்ளா, வெளியிலா? துருக்கியில் ஒரு பெரிய அமைப்பு உள்ளே என்கிறது. ஜெர்மனியின் கூட்டமைப்பு தனி நம்பிக்கை என்ற நிலையில் அங்கீகாரம் பெற்றது. இது இறையியல் மட்டும் இல்லை, பாடநூல், பணியிடம், நிதி எல்லாம் இதில் தொங்குகிறது. அரசு எப்போதும், நீங்கள் யார், ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள் என்று கேட்கும். அங்கீகாரம் வாங்கப் போகிறவன் தன்னைச் சுருக்கித்தான் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மறுபடியும் கட்டம்! ஒளிந்திருந்தபோது கட்டத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். வெளிப்பட்டால் கட்டத்துக்குள் அடைக்கிறார்கள். உள்ளே என்பவனும் வெளியே என்பவளும், கடவுளே இல்லை என்கிற இடதுசாரியும், குர்தியும் துருக்கியும் ஒரே மேசையில் உட்கார்ந்து விவாதிக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் மாணவர் அமைப்பாகத்தான் இருக்க முடியும். ஏன்னா அவர்களிடம் இழக்கப் பணியிடம் கிடையாது, இன்னும்.

ஓர் எச்சரிக்கை சொல்லி முடிக்கிறேன். ஐரோப்பாவில் முஸ்லிம் வெறுப்பு பேசுகிறவர்களுக்கு அலெவிகள்மேல் திடீர்ப் பாசம் வருகிறது. பாருங்கள், இவர்கள் நல்லவர்கள், முக்காடு இல்லை, மற்றவர்களும் இப்படி இருக்க வேண்டியதுதானே என்கிறார்கள். இந்தப் பாராட்டு ஒரு தடி. இன்னொருவன் முதுகில் அடிக்க எடுத்த தடி. சிவாஸை எரித்தது ஒரு கும்பல். அதற்காக பெர்லினில் முக்காடு போட்டு வகுப்புக்கு வருகிற பெண் பதில் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் நான் பேசியதில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு போய் முஸ்லிம்களுக்கு எதிராகப் பேச ஆள் இருக்கிறது. அவர்களுக்கு இந்தப் பேச்சில் இடமில்லை. ஒடுக்கப்பட்டவனைத் தடியாக எடுக்கிறவன் வேலை முடிந்ததும் தடியை அடுப்பில் வைப்பான்.

துருக்கிக்காரன் கதை நமக்கு எதுக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். பெயரைச் சொல்வது முதல் படி. அதை ஒருவர் தனியாகச் செய்துவிடலாம், 74 வயதிலாவது. சொன்ன பெயரை அடுத்த வருஷம் சேர்கிற பிள்ளைக்கு ஒப்படைப்பது தனியாள் வேலை இல்லை. அதற்கு அமைப்பு வேண்டும், அமைப்புக்குக் குறிப்பேடு வேண்டும்.

இன்றைக்கு வந்திருப்பவர்களில் கடைசி வருஷ மாணவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்க. சரி. முதல் வருஷம்? நல்லது. கலைவதற்கு முன்னாடி, கடைசி வருஷத்தார் ஒவ்வொருவரும் முதல் வருஷத்தார் ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்க. நோட்டு நான் வாங்கி வந்திருக்கிறேன், இந்த மேசை மேல் இருக்கிறது.